என் மதினி பேசி முடித்த மூன்று வயது மாப்பிள்ளை

வாய்ச்சண்டையில் ஒருநாளும் தோற்காத என் இருளாயி மதினிக்கு,

நீ உயிரோடு இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். புருஷனுடைய அக்காளை வேறு எப்படிக் கூப்பிடுவது? இப்போது 'நீ' என்று எழுதுகிறேன். கோபம் வந்தால் நேரில் வந்து கேள். வந்தாயானால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

யாரிடமோ சொல்லி எழுத வைத்திருக்கிறேன் என்று நினைக்காதே. என் மகள் பாக்கியம், தோட்டத்துப் பள்ளிக்கூடம் போன நாட்களில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் மண்ணில் விரலால் எழுதிப் பழகினேனே, அந்தக் கைதான் இது. "கெழவிக்கு வந்த படிப்பைப் பாரு" என்று நீ சிரித்தாய். முப்பது வயதில் என்னைக் கிழவி என்றவள் நீ ஒருத்திதான்.

ஈப்போவில் பத்திரிகை நடத்துகிற ஒருவர், உங்கள் மதினியைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று கேட்டார். உன்னைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது, உன்னோடு பேசத்தான் தெரியும். மற்றவர்கள் ஒட்டுக்கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். வரிசையாக ஒட்டிக் கட்டிய நம் லயத்து வீடுகளுக்குப் பலகைச் சுவர்தானே? நாம் பேசியதைக் கேட்காதவர் யார் இருந்தார்கள்?

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் சட்டம் போட்டுவிட்டார்கள் மதினி. பெண்ணுக்குப் பதினாலு வயது நிரம்பாமல் கல்யாணம் பண்ணக்கூடாதாம், பண்ணி வைத்தால் தண்டனையாம். பாக்கியம்தான் பத்திரிகையை வாசித்துக் காட்டினாள். நான் நம்பாமல் வாங்கி, எழுத்துக் கூட்டி என் கண்ணாலேயே இன்னொரு தரம் படித்தேன். படித்து முடித்ததும் அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்து அழுதேன். இதைக் கேட்க நீ இல்லையே என்றுதான் அழுதேன். இன்னும் ஒரு வருஷம் பொறுத்திருக்கக் கூடாதா நீ? எல்லாவற்றிலும் உனக்கு அவசரம்.

ஆனால் அந்தச் சட்டம் அங்கேதானாம். இங்கே மலாயாவில், நம் பேராக்கில் செல்லாதாம். கப்பலில் நம்மோடு சாதி வந்தது, சாமி வந்தது, பரிசத் தட்டும் வந்தது. சட்டத்துக்கு மட்டும் டிக்கெட் கிடைக்கவில்லையா? நான் இதைக் கேட்டபோது பாக்கியம் சிரித்தாள். நீயாக இருந்தால் கெட்ட வார்த்தை சொல்லியிருப்பாய்.

கேட்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். நீ குறுக்கே பேசாதே.

சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் நாம் எல்லோரும் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்தோம். உன் தம்பி, என் வீட்டுக்காரர், காய்ச்சலில் போனார். எனக்கு ஒரே மகள் பாக்கியம், அப்போது அவளுக்குப் பத்து வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் உன் அண்ணன் முடிவு பண்ணிவிட்டார். தகப்பன் இல்லாத பெண்ணுக்குப் பெரியப்பன்தான் தகப்பன். பெற்றவள் சோறு போடலாம், சொல் போடக்கூடாது. சட்டமும் அதுதான், சாஸ்திரமும் அதுதான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

உன் அண்ணன் அப்போது கூலி ஆட்களை மேய்க்கிற சின்னக் கங்காணி. பாரிட் புந்தாரில் பெரிய கங்காணி ஒருவர் இருந்தார். பெண்டாட்டி செத்து, பேரன் பேத்தி எடுத்த மனுஷர். அவருக்குப் பாக்கியத்தைக் கட்டிக்கொடுத்தால் உன் அண்ணனும் பெரிய கங்காணி ஆகிவிடலாம் என்று கணக்கு. மாப்பிள்ளைக்கு வயசு பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டார், என்னிடம் கேட்கவில்லை. பிள்ளையிடம் கேட்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. பரிசம் போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவள் என்னிடம், "அம்மா, அவரு எனக்குத் தாத்தாவா?" என்று கேட்டாள்.

பரிசம் போட வந்துவிட்டார்கள். கோயில் முன்னால் பாய் விரித்து, பெரியவர்கள் உட்கார்ந்து, தட்டைத் தூக்கி வைக்கப் போகிற நேரம். நீ வேலைக்காட்டிலிருந்து நேராக வந்தாய். சேலையெல்லாம் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. வருகிற வழியில் பிள்ளைக் கொட்டகைக்குள் புகுந்து உன் மகன் கருப்பையாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாய். நான் பயந்துபோனேன். உன் முகம் அப்படி இருந்தது.

"நிறுத்துங்க. முறைக்காரி நான் ஒருத்தி இருக்கேன். எனக்கு வெத்தலை வெக்காம யாருக்குப் பரிசம் போடுறீக?"

உன் அண்ணன், "உனக்கு எதுக்குடி வெத்தலை?" என்றார்.

"மாமன் மகளைக் கட்ட அத்தை மகனுக்கு உரிமை உண்டா, இல்லையா? பஞ்சாயத்துச் சொல்லட்டும்."

பஞ்சாயத்துத் தலைவர் தாடையைச் சொறிந்தார். "உரிமை இருக்கத்தான் செய்யுது. அத்தை விட்டுக் குடுத்தாத்தான் வெளியில குடுக்கணும். ஆனா மாப்பிள்ளை எங்க தாயி?"

நீ கருப்பையாவை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாய். "இந்தா நிக்கிறாருல்ல."

மூன்று வயது. அரைஞாண் கயிற்றைத் தவிர மாப்பிள்ளை மேல் ஒன்றும் இல்லை. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

உன் அண்ணன் எழுந்துவிட்டார். "அவளுக்குப் பத்து, இவனுக்கு மூணு. உனக்குப் புத்தி கித்தி இருக்கா?"

"வயசு பாக்கக் கூடாதுன்னு நீதானண்ணே சொன்னே? மாப்பிள்ளை நாப்பது வயசு மூத்தவரா இருந்தா வயசு பாக்கப்படாது, ஏழு வயசு எளையவனா இருந்தா மட்டும் பாக்கணுமோ? எந்த சாஸ்திரத்துல இருக்கு, காட்டு பாப்போம்."

மதினி, அந்த நிமிஷத்தில் நான் உன்னைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பாரிட் புந்தார்க்காரருக்கு முகம் கறுத்துப்போயிற்று. நாலு பேர் முன்னால் ஒரு பொம்பளை அவருடைய வயதைச் சொல்லிவிட்டாள் அல்லவா? அந்த ஆத்திரத்தில்தான் அவர் அந்தத் தப்பைச் செய்தார். "அப்படின்னா இந்த எடத்துலயே உன் மகனுக்குப் பரிசம் போடு பாப்போம். ஊரு பாக்கட்டும்" என்றார். நீ பின்வாங்கி ஓடிவிடுவாய் என்று நினைத்தார் பாவம். உன்னைத் தெரியாத மனுஷர்.

"நல்ல காரியத்தைத் தள்ளிப் போடப்படாது" என்று நீ பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். அவருடைய பட்டுச் சேலைத் தட்டை ஒதுக்கித் தள்ளினாய். மடியிலிருந்து உன் வெற்றிலையையே எடுத்து, சாமிக்கு வைத்திருந்த வாழைப்பழம் ஒன்றையும் சேர்த்து வைத்தாய். எல்லோர் முன்னாலும் சொல்லியாகிவிட்டது, பூசாரியால் மறுக்க முடியவில்லை. இன்னார் மகனுக்கு இன்னார் மகள் என்று முறைப்படி மூன்று தரம் சொன்னார். அவர் முடிப்பதற்குள் மாப்பிள்ளை பரிசப் பழத்தை உரித்துத் தின்றுவிட்டான். பாரிட் புந்தார் ஆட்கள் ரயிலுக்குப் போய்விட்டார்கள்.

அன்றைக்குச் சிரித்தவர்களில் நான் இல்லை. உனக்கு நிஜமாகவே அப்படி ஓர் ஆசை இருக்கிறது, என் மகளை உன் பொடியனுக்குக் காவல் வைக்கப் போகிறாய் என்று நினைத்தேன். கிழவனிடமிருந்து பிடுங்கிக் குழந்தையிடம் கொடுக்கிறாளே, இது என்ன நியாயம் என்று உள்ளுக்குள் உன்னைத் திட்டினேன். சாயங்காலம் தண்ணீர்க் குழாயில் உன்னிடம் கேட்டும்விட்டேன். நீ வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

"பைத்தியக்காரி. முள்ளை முள்ளாலதானே எடுக்கணும்? இவன் மீசை முளைச்சுத் தாலி கட்ட இன்னும் பதினஞ்சு வருஷம் ஆகும். அதுக்குள்ள எது எது எப்பிடி மாறுமோ. பிள்ளை அதுவரைக்கும் பிள்ளையா இருக்கட்டும் செல்லம்மா."

அதற்கப்புறம் நீ ஆடிய ஆட்டம் இருக்கிறதே! பாக்கியத்தைப் புல்வெட்டு வேலைக்கு அனுப்பச் சொன்னார் உன் அண்ணன். "என் மருமகளை நான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேன், பாழுங்கெணத்துல தள்ளுவேன், கேக்க நீ யாரு?" என்றாய். பெற்றவள் எனக்கு இல்லாத அதிகாரம் மாமியார் உனக்கு இருந்தது. இது என்ன கூத்து என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். பத்து மாதம் சுமந்தவள் வாயைத் திறக்கக்கூடாது, மூக்கொழுகுகிற மாப்பிள்ளையைப் பெற்றவள் என்ன சொன்னாலும் செல்லும்.

பாக்கியம் ஆறாம் வகுப்பு முடித்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்துபோன கிறிஸ்தவ நர்ஸம்மா ஒருவர் அவளுடைய கைச் சுத்தத்தைப் பார்த்து, ஈப்போவுக்கு அனுப்புங்கள், தாதி வேலைக்குப் பழக்கிவிடலாம் என்றார். நான் தயங்கினேன். நீதான் உன் புதுச் சேலையை அவள் பெட்டியில் வைத்து, ஸ்டேஷன்வரை பெட்டியைத் தலையில் சுமந்து வந்தாய். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தாய். ரயில் போனதும் மூக்கைச் சிந்தினாய். "தூசி" என்றாய்.

போன வருஷம் உனக்குக் காய்ச்சல் வந்து தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுத்தபோது அவள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு ஓடிவந்தாள். இராப் பகலாக உன் பக்கத்திலேயே இருந்தாள். "மாமியாருக்கு ஊசி போடுற மருமகளை எந்த ஊருல கண்டீக?" என்று அந்த நிலைமையிலும் பக்கத்துக் கட்டில்காரியிடம் பெருமையடித்தாய். பிறகு போய்விட்டாய். உன் புருஷன் ஊருக்குக் கப்பலேறி எத்தனையோ வருஷம், ஒரு சேதியும் இல்லை. அதனால் கருப்பையா என்னிடம் வந்தான். இதுவரை உனக்குத் தெரியும்.

இனிமேல்தான் உனக்குத் தெரியாதது.

உன் வருஷத் திவசம் முடியட்டும் என்றுகூட உன் அண்ணன் காத்திருக்கவில்லை. பஞ்சாயத்தைக் கூட்டிவிட்டார். பாக்கியம் ஈப்போவில் ஆண்பிள்ளைகளுக்கு நாடி பார்க்கிறாள், குடும்ப மானம் போகிறது என்று அவருக்கு ரொம்ப நாளாகக் குமைச்சல். பாரிட் புந்தார் சம்பந்தம் போன ஆத்திரமும் ஆறவில்லை. "செத்தவ வாக்கு தெய்வ வாக்கு. பரிசம் போட்டது போட்டதுதான். கருப்பையாவுக்கு இன்னும் அஞ்சாறு வருஷம் போகட்டும், கட்டி வெச்சுருவோம். அதுவரைக்கும் அவ ஆஸ்பத்திரி வேலையை விட்டுட்டு என் வீட்டுல இருக்கணும். பையனுக்குத் தாய்மாமன் நான், பொண்ணுக்குப் பெரியப்பன் நான்" என்றார். ரெண்டு பக்கமும் அவரே. யார் என்ன சொல்ல முடியும்?

நீ போட்ட வேலி என் மகளுக்கே சிறையாகிவிட்டது. பாக்கியத்தை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். வந்தாள். பத்தொன்பது வயது, உன்னைப்போல நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறாள். அதே கோயில், அதே பாய். ஒருவர் மாற்றி ஒருவர் உன் வாக்கைப் பற்றியே பேசினார்கள். நீ இருந்தபோது உன் வாயை மூடச் சொன்னவர்கள்தான், நீ போனதும் உன் வாக்கைத் தெய்வமாக்கினார்கள்.

எனக்குள் என்னவோ திரண்டு வந்தது மதினி. எழுந்துவிட்டேன். "நான் ஒண்ணு கேக்கணும்" என்றேன்.

ஒருவர், "அறுத்தவளுக்குச் சபையில என்ன பேச்சு?" என்றார்.

"அறுத்தது தாலியைத்தானுங்க, நாக்கை இல்ல" என்றேன். சத்தியமாக அது நான் பேசியது இல்லை, நீதான் என் வாயில் வந்து உட்கார்ந்தாய். பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. தலைவர், "சரி, கேளு" என்றார்.

"கருப்பையாவைக் கூப்பிட்டு, பாக்கியத்தை அவன் என்ன முறை சொல்லிக் கூப்பிடுறான்னு கேளுங்க. அவ்வளவுதான்."

அதைக் கேட்கும்வரை எனக்கே அது தோன்றியிருக்கவில்லை. நம்மில் அத்தை மகன் தன்னைவிட மூத்த மாமன் மகளை மதினி என்றுதான் கூப்பிட வேண்டும், நான் உன்னைக் கூப்பிடுகிறேனே அதேபோல. ஆனால் பரிசம் நடந்த அந்த வாரத்திலிருந்தே நீ அவனுக்கு வேறு சொல்லிக்கொடுத்தாய். நான் சண்டைக்கு வந்தேன், முறை மாறிப்போகும் மதினி, பெரியவங்க திட்டுவாங்க என்று. "கூப்புட்டுட்டுப் போறான் போ, கேக்க இனிப்பா இருக்குல்ல" என்று வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னாய். நீ எவ்வளவு பெரிய கள்ளி என்று எனக்கு ஒன்பது வருஷம் கழித்துப் புரிந்தது.

கோயிலுக்குப் பின்னால் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தவனை இழுத்து வந்தார்கள்.

தலைவர் கேட்டார். "டேய், பாக்கியம் உனக்கு என்ன வேணும்?"

"அக்கா."

"யாரு அப்பிடிக் கூப்பிடச் சொன்னது?"

"அம்மாதான். என்னாத்துக்கு?"

தோட்டம் முழுக்க அவன் அக்கா, அக்கா என்று அவள் பின்னால் ஓடியதைப் பார்க்காதவர் யாரும் அங்கே இல்லை. தலைவர் மறுபடியும் தாடையைச் சொறிந்தார். பிறகு உன் அண்ணனைப் பார்த்து, "வாய் நெறைய அக்கான்னு கூப்பிட்டவளுக்கு எப்பிடிய்யா தாலி கட்டுவான்? அது கூடப்பொறந்தவளைக் கட்டுற பாவம்லா. முறை கெட்டுப்போச்சு. பரிசம் இல்ல" என்றார். பேச்சு முறிந்ததற்கு அடையாளமாக ஒரு வெற்றிலையைக் கிழித்துப் போட்டார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஆனால் உன் அண்ணன் விடுகிற ஆளா? "அப்ப சரி. பெரியப்பன் நான் இருக்கேன். தை மாசத்துக்குள்ள நானே ஒருத்தனைப் பாத்து முடிச்சுடுறேன்" என்றார். பழைய குருடி, கதவைத் திறடி என்று ஆகிவிட்டது. உன் சாமர்த்தியம் ஒரு கதவைத்தான் மூடியது. சாவி இன்னும் அவர் இடுப்பில்தான் இருந்தது.

அப்போது பாக்கியம் பேசினாள். சத்தம் போடவில்லை. நோயாளியிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"பெரியப்பா, கல்யாணம் வேணாம்னு நான் சொல்லல. எப்பன்னு நான் சொல்றேன், யாருன்னும் நான் சொல்றேன். சொன்ன பொறகு நீங்க வந்து முன்னால நின்னு நடத்திக் குடுங்க. அதுக்கு முன்னால என்னைப் பேசி முடிச்சா, மணவறையில பொண்ணு இருக்காது." என்னைப் பார்த்தாள். "வாங்கம்மா, ரயிலுக்கு நேரமாச்சு. தம்பியையும் கூட்டிக்குங்க, போலாம்."

நாங்கள் எழுந்து நடந்தோம். யாரும் தடுக்கவில்லை. என் முதுகில் எல்லோருடைய கண்ணும் குத்துவது தெரிந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

இப்போது ஈப்போவுக்குப் பக்கத்தில் ஜெலாப்பாங்கில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறோம். பக்கத்தில் சீனர் ஒருவருடைய காய்கறித் தோட்டம். நான் அங்கே களை பிடுங்குகிறேன், கீரை கட்டுகிறேன். அந்த வீட்டுச் சீன அம்மாளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. ரெண்டு பேருக்கும் தெரிந்த அரைகுறை மலாயில் நாள் முழுக்கப் பேசிச் சிரிக்கிறோம். கருப்பையா டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போகிறான். கணக்கு வரவில்லை, வாய் வருகிறது, உன் பிள்ளை அல்லவா? உன் அண்ணன் எங்களோடு பேசுவதில்லை. ஆனால் தீபாவளிக்குக் கருப்பையாவுக்குச் சட்டைத் துணி அனுப்பினார். பாக்கியத்துக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை. இருக்கட்டும், துணியாவது வந்ததே.

போன ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் ஒரு கூட்டம். அந்தச் சட்டத்தை இங்கேயும் கொண்டுவரச் சொல்லிச் சர்க்காரைக் கேட்கலாமா, வேண்டாமா என்று பேச்சு. பாக்கியம் என்னைக் கூட்டிப் போனாள். பெண்களை ஓர் ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள், ஆனாலும் உட்கார வைத்திருந்தார்கள். ஒருவர் சாஸ்திரத்தில் கை வைக்கக்கூடாது என்றார். இன்னொருவர் பெண்ணுக்குச் சொத்தில் பங்கு வேண்டும் என்றார், அதற்குப் பாதிப் பேர் கூச்சல் போட்டார்கள். தாய்மார்கள் யாராவது பேசுகிறீர்களா என்று தலைமை தாங்கியவர் கேட்டார். ஒருத்தரும் எழவில்லை. பாக்கியம் என் விலாவில் இடித்தாள்.

நான் போய் நின்று உன் கதையைச் சொன்னேன். பரிசப் பழத்தை மாப்பிள்ளை தின்ற இடத்தில் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அக்கா என்று அவன் சொன்ன இடத்தில் கை தட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன் பெயரை ஈப்போவில் கோட்டுப் போட்டவர்கள் எல்லாம் கேட்டார்கள் மதினி.

அப்போது முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். நன்றாகப் படித்தவர் போலத் தெரிந்தது. "இந்த அம்மா சொன்னதே போதும்" என்றார். "நம்ம முறைக்குள்ளேயே வழி இருக்கு. ஒரு நாத்தனாரே காப்பாத்திட்டாங்க பாருங்க. இதுக்கு எதுக்கு சட்டம், சர்க்கார் எல்லாம்?" அவருக்கும் கை தட்டினார்கள். எனக்குத் தட்டிய அதே கைகள்தான்.

உன்னை எடுத்து எங்களையே அடிக்கிறாரே! உட்காரப் போனவள் திரும்பினேன். உன்னிடம் கேட்காமல் ஒன்றைச் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள். ஆஸ்பத்திரியில் ஒருநாள் பாக்கியம் உன் தலையைச் சீவிவிட்டுக்கொண்டிருந்தபோது, அவளை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் மட்டும் சொன்னாயே, அதைத்தான்.

"ஐயா, என் மகளுக்கு இருளாயி இருந்தா. இருளாயிக்கு யாரு இருந்தா? அவளைக் கட்டிக் குடுத்தப்ப அவளுக்குப் பால்பல்லு விழுந்துக்கிட்டு இருந்துச்சு. புருஷன் வீட்டுக்குப் போயித்தான் மிச்சப் பல்லு விழுந்துச்சாம். விழுந்த பல்லைக் கூரையில போடணும்னு அம்மாவைத் தேடி அழுதாளாம். அடிச்சுப் படுக்க வெச்சாங்களாம். அவ அத்தைக்கு முறை தெரியாமலா இருந்துச்சு? ஊருல பஞ்சாயத்து இல்லாமலா இருந்துச்சு? ஒரு வீட்டுல இருளாயி இருந்தா பொண்ணு பொழைச்சுக்கும். இருளாயி இல்லாத வீட்டுப் பொண்ணுக்குத்தான் ஐயா சட்டம் கேக்குறோம்."

யாரும் கை தட்டவில்லை. அந்தப் படித்தவர் உட்கார்ந்தார். பெண்கள் ஓரத்தில் யாரோ தேம்புவது கேட்டது. தலைமை தாங்கியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு, விண்ணப்பம் அனுப்ப வேண்டும் என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். ஆண்கள் பக்கம் எல்லாக் கையும் எழவில்லை. பெண்கள் பக்கம் ஒரு கைகூடக் கீழே இல்லை.

அது சட்டமாக வருமா? எப்போது வரும்? தாய்க்குத் தன் பிள்ளை மேல் பேச்சு உண்டு என்று எழுதுவார்களா? பெண்ணுக்கு வீட்டிலும் நிலத்திலும் பங்கு உண்டு என்று எழுதுவார்களா? எனக்குத் தெரியாது. வரும் என்றுதான் தோன்றுகிறது. பாக்கியத்தைப்போல நாலு பெண்கள் நிமிர்ந்து நடந்தால் வராமல் எங்கே போகும்?

சட்டம் வரும்வரைக்கும் என் கையில் இருக்கிறதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் மகனுக்கு மீசை முளைக்கும். ஒருநாள் அவனுக்குப் பெண் பார்க்கப் போவேன். பெரியவர்கள் வெற்றிலை மாற்றுவதற்கு முன்னால் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்காருவேன். "உனக்கு இஷ்டமாம்மா?" என்று கேட்பேன். தலையைக் குனிந்துகொண்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். வாயைத் திறந்து சொல்லும்வரை காத்திருப்பேன். இல்லை என்று சொன்னாளானால், பந்தல் போட்டிருந்தாலும் சரி, சமையல் ஆகியிருந்தாலும் சரி, உன் மகனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடுவேன். ஏன் என்று சபையில் கேட்பவர்களிடம், "பொண்ணு வேணாம்னுருச்சு, அது போதும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வருவேன். உன்மேல் ஆணை.

உன் தம்பி பெண்டாட்டி, இன்றைக்கு உன் பிள்ளைக்கும் தாய்,
செல்லம்மா
ஜெலாப்பாங்